வெண்பனியில் மறைய ஓர் உடை தைப்போம்

(மூன்றாம் ஆண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு)



ஐந்தாம் செமஸ்டர் செமினாருக்கு எங்கள் வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் தலைப்பு கொடுத்தார்கள். ஒருத்திக்குப் பள்ளிச் சீருடை வந்தது. இன்னொருத்திக்கு நைட்டி வந்தது. எனக்கு வந்த சீட்டைப் பிரித்தால், 'பனிப் பிரதேச வேட்டைக்காரருக்கு அளவெடுத்துத் தைக்கும் உருமறைப்பு உடை' என்று இருந்தது. வகுப்பே சிரித்தது. பனி என்றால் நமக்குத் தெரிந்தது மார்கழிப் பனியும், திருப்பூர் பனியனும்தானே! தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, தலைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். அப்பா மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தூக்குகிறார். இந்த இரண்டு பேரையும் வைத்துத்தான் எனக்கு இந்தப் பாடமே விளங்கியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

1. முதல் கேள்வி: யாருக்கு?

தலைப்பைச் சொன்னதும் அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, யாருக்குத் தைக்கோம்? அவன் உக்காந்தே இருப்பானா, நடப்பானா? உள்ள என்ன உடுத்திருப்பான்? இதெல்லாம் கேக்காம எவளாவது துணியில கத்திரிய வைப்பாளா?"

நூலகத்தில் போய் முதலில் தேடியது இதற்கான பதிலைத்தான். எல்லாப் பனி நாட்டுக்கும், எல்லா வேட்டைக்கும் ஒரே உடை கிடையாது. ஆகவே நான் ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அவர் பின்லாந்து நாட்டில் குளிர்காலத்தில் பறவை வேட்டைக்குப் போகிறவர்.

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். அதில் சுமார் 3 லட்சம் பேர் முறைப்படி கட்டணம் கட்டி அனுமதி பெற்ற வேட்டைக்காரர்கள். அங்கே 'லாத்வாலின்னுஸ்துஸ்' என்று ஒரு வேட்டை உண்டு. மரநுனிப் பறவை வேட்டை என்று சொல்லலாம். பக்கத்து நாடான சுவீடனிலும் இது உண்டு. குளிர்காலத்தில் தரையெல்லாம் பனி மூடிவிடுவதால், கருங்காட்டுக்கோழி பிர்ச் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து மொட்டுகளைத் தின்னும். கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி பைன் மரத்து ஊசி இலையைத் தின்னும். வேட்டைக்காரர் காலில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், தூரத்திலேயே பறவையைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் 100, 200 மீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும்.

அம்மாவின் கேள்விகளுக்கு இப்போது பதில் எழுதலாம்.

அ) பார்ப்பது யார்? பறவை. எங்கிருந்து? மரத்து உச்சியிலிருந்து கீழ்நோக்கி. அப்படியானால் நெஞ்சைவிடத் தலை, தோள், முதுகு, முதுகுப் பை ஆகியவைதான் முதலில் மறைய வேண்டும்.

ஆ) அணிபவர் என்ன செய்கிறார்? கொஞ்ச நேரம் கைத்தடி ஊன்றிச் சறுக்கிப் போகிறார். வியர்க்கும். பிறகு அசையாமல் நிற்கிறார். குளிரும்.

இ) உள்ளே என்ன உடுத்தியிருப்பார்? கம்பளி உள்ளாடை, ஸ்வெட்டர், காற்றுத் தடுப்புச் சட்டை. குளிரைத் தடுப்பது இவற்றின் வேலை. நாம் தைப்பது இவற்றுக்கு மேலே போடும் மெல்லிய வெள்ளை மேலுடை மட்டுமே.

இந்த மூன்று பதிலும் தெரிந்த உடனேயே பாதி உடை தைத்த மாதிரிதான்.

2. வெள்ளைத் துணியின் கொஞ்சம் வரலாறு

வெள்ளைத் துணியை வைத்து மறைவது புதிய யுக்தி ஒன்றும் இல்லை. கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்கள் பனிக்கட்டி மேல் படுத்திருக்கும் சீல்களை நெருங்க, ஒரு சின்னச் சறுக்குச் சட்டத்தில் வெள்ளைத் துணித் திரையைக் கட்டி, அதன் பின்னால் ஒளிந்து தள்ளிக்கொண்டே போவார்கள்.

1939 நவம்பர் 30-ம் தேதி சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. 1940 மார்ச் 13 வரை நடந்த அந்தக் குளிர்காலப் போரில், பின்லாந்து வீரர்கள் சீருடைக்கு மேல் வெள்ளை மேலுடை அணிந்து பனிச்சறுக்கில் வந்தார்கள். சோவியத் வீரர்களில் பலருக்கு ஆரம்பத்தில் வெள்ளை உடையே இல்லை. பனியில் அவர்கள் தனியாகத் தெரிந்தார்கள். வேட்டைக்காரர்களின் பழக்கம் ஒரு நாட்டைக் காக்கவும் உதவியது.

இன்னொரு சம்பவம் என் மனதைத் தொட்டது. 1944 டிசம்பரில் பெல்ஜியம் நாட்டில் பாஸ்டோன் நகரத்துக்குப் பக்கத்தில் எம்ரூல் என்ற சிற்றூரில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. பனி கொட்டுகிறது, வெள்ளை உடை இல்லை. படை அதிகாரி ஊர்மக்களிடம் படுக்கை விரிப்பு கேட்டார். மக்கள் தங்கள் வீட்டிலிருந்து சுமார் 200 விரிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போர் முடிந்தது. அந்த அதிகாரி மறக்கவில்லை. 1948-ல் தன் சொந்த ஊர் மக்களிடம் விரிப்புகள் சேகரித்துக்கொண்டு திரும்ப அந்த ஊருக்கே போய்க் கொடுத்தார். ஒரு படுக்கை விரிப்புக்கு ஓர் உயிரைக் காக்கும் சக்தி உண்டு என்று இதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது.

3. வெள்ளை எத்தனை வெள்ளையடி!

வெள்ளைத் துணியை எடுத்தோம், தைத்தோம், மறைந்தோம் என்று நினைத்தால் அது தப்பு. பனியின் வெள்ளையே ஒன்று கிடையாது. புதிதாக விழுந்த பனி தன் மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். பழகி உருக ஆரம்பித்த பனி 40 முதல் 60 சதவீதம்தான் அனுப்பும். ஆகவே நேற்று விழுந்த பனியில் மறைகிற உடை, ஒரு மாதத்துப் பழைய பனியில் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம், நம் கண்ணும் விலங்கின் கண்ணும் ஒன்றல்ல. நம் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் மூன்று வகை. பறவைக்கு நான்கு வகை. மானுக்கு இரண்டே வகை. ஆனால் நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் கொஞ்சம் அதன் கண்ணுக்குள் போகும். ஆர்க்டிக் பகுதியில் வாழும் ரெயின்டீர் மான்களுக்குப் புற ஊதா ஒளி தெரிகிறது என்று 2011-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானிகள் குழு கண்டுபிடித்தது. பனி புற ஊதா ஒளியையும் பெருமளவு திருப்பி அனுப்பும். விலங்கின் வெள்ளை ரோமம் அதை உறிஞ்சிவிடும். ஆகவே நமக்கு வெள்ளை மேல் வெள்ளையாகத் தெரியும் ஓநாய், ரெயின்டீர் கண்ணுக்கு வெள்ளை மேல் கறுப்பாகத் தெரிந்துவிடும்!

நம் துணிக்கும் இதே கதைதான். கடையில் விற்கும் வெள்ளைத் துணியிலும், சலவைப் பவுடரிலும் ஒளியூட்டி என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். இது புற ஊதா ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீல ஒளியாக வெளியே விடும். அதனால்தான் துணி 'பளிச்' என்று தெரிகிறது. (வீட்டில் போடும் சொட்டு நீலம் வேறு. அது மஞ்சளை மறைக்கும் சாயம் மட்டுமே.) ஒளியூட்டி போட்ட துணி, புற ஊதா தெரிகிற கண்ணுக்குப் பனியோடு ஒட்டாது.

இதை நாமே சோதிக்கலாம். கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் ஓர் ஊதா விளக்கு வைத்திருப்பார்கள் அல்லவா? அதன் அடியில் நல்ல ரூபாய் நோட்டின் தாள் மங்கலாகவே இருக்கும், ஏனென்றால் அந்தத் தாளில் ஒளியூட்டி கிடையாது. வெள்ளை வேட்டியை வைத்துப் பாருங்கள், நீலமாக எரியும். எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேட்டு நான் துணி சாம்பிள்களை வைத்துப் பார்த்தேன். கடையில் வாங்கிய பாப்ளின் ஜோராக எரிந்தது. கல்லூரிச் சாய லேபில் ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் போட்டு வெளுத்த காடாத் துணி எரியவே இல்லை. பனி வேட்டை உடைக்கு ஏற்றது இந்தக் காடாதான். "என்னம்மா, துணிக்குமா கள்ளத் துணி வந்துட்டு?" என்று அண்ணாச்சி கேட்டதுதான் பாக்கி!

4. துணித் தேர்வு

நாம் பாடத்தில் படித்த ஈர உறிஞ்சு சதவீதம் இங்கே உயிர் காக்கும் கணக்காகிறது.

கம்பளி: சுமார் 16
பருத்தி: சுமார் 8.5
நைலான்: சுமார் 4
பாலியெஸ்டர்: 0.4

நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் அசையாக் காற்றைப் போல் சுமார் 24 மடங்கு. உடை நம்மைச் சூடாக வைப்பது அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றினால்தான். அந்த இடத்தில் வியர்வை போய் உட்கார்ந்தால் சூடு வெளியே ஓடிவிடும். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பனியன் நனைஞ்சிட்டுன்னா ஐஸ் ரூம்ல நிக்க முடியாதும்மா. சட்டையில்லாம நின்னாகூட நிக்கலாம்" என்றார். இருபது வருஷமாக அவர் அறிந்த பாடத்தை நான் இப்போதுதான் எண்ணில் படிக்கிறேன்.

ஆகவே உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. கம்பளி ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டும் ஓரளவு சூடு தரும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே போடும் மெல்லிய மேலுடைக்குப் பருத்தி ஒத்துவரும். மைனஸ் 15, 20 டிகிரிக் குளிரில் பனி மாவு போல உலர்ந்து இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். ஈரப் பனி விழும் இடமானால் பருத்தி வேண்டாம், பாலியெஸ்டர் கலந்த துணி நல்லது.

இன்னொரு சோதனை சத்தம். நைலான் துணியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கிப் பாருங்கள், சரசரவென்று கேட்கும். பனிக் காடு மிக அமைதியானது. அங்கே இந்தச் சத்தம் போதும், பறவை பறந்துவிடும். பருத்தியிலும் புதுத் துணியில் கஞ்சி இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிக் கஞ்சியை எடுத்த பிறகே வெட்ட வேண்டும். சுருங்குகிற துணியும் அப்போதே சுருங்கிவிடும். கம்பளி போன்ற சடைத் துணி சத்தம் போடாது, ஆனால் பனித்தூள் அதில் ஒட்டிக்கொண்டு பாரமாகும். ரெக்சின் போல பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி குளிரில் விறைத்துவிடும், அது வேண்டவே வேண்டாம்.

5. அளவும் வெட்டும் (நான் செய்த தவறு)

மாதிரி உடைக்கு அப்பாவைத்தான் அளவெடுத்தேன். மார்பு 36 அங்குலம். புத்தகத்தில் உள்ளபடி தாராளமாக 6 அங்குலம் தளர்வு சேர்த்து 42-க்கு வெட்டினேன். துணி மூன்றரை மீட்டர் வெள்ளைப் பாப்ளின். அம்மா ஆறு பிளவுஸ் தைத்த கூலியில் வாங்கிய துணி அது. ஊதா விளக்குச் சோதனை பற்றி அப்போது எனக்குத் தெரியாது.

தைத்து முடித்துவிட்டுப் பெருமையாக அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் உள்ளே இரண்டு ஸ்வெட்டரும், இரவல் வாங்கிய மழைக்கோட்டும் போட்டிருந்தார். அத்தனைக்கும் மேல் டேப் வைத்தால் மார்பு 43! சட்டை மாட்டவே இல்லை. திணித்து மாட்டி, கைத்தடி ஊன்றுகிற மாதிரி கையைத் தூக்கச் சொன்னேன். 'டர்ர்' என்று இரண்டு அக்குளிலும் கிழிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு பிளவுஸ் கூலி!

அம்மா ஒன்றும் திட்டவில்லை. பிளேடை எடுத்து இரண்டு பக்கத் தையலையும் கை அடித் தையலையும் பிரித்தார். பக்கத்துக்கு 4 அங்குல அகலத்தில் ஒரு பட்டி வைத்து மார்பை 50 ஆக்கினார். பிறகு மிச்சத் துணியில் 5 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, மூலைவாட்டில் திருப்பி அக்குளில் வைத்துத் தைத்தார். கையைத் தூக்கினால் அந்தச் சதுரம் விரிந்து கொடுக்கிறது. சட்டை மேலே ஏறவில்லை. "கல்யாணத்துக்கு முந்தி நான் வேலை பாத்த கடையில ஜிப்பாவுக்கு இப்பிடித்தான் வைப்பாவ" என்றார். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு 'கஸெட்' என்று பெயர் போட்டு ஒரு பக்கம் இருக்கிறது. பரீட்சைக்கு அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் வேண்டிய இடத்தில் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத என் அம்மாவின் கைக்கு அது தெரிந்திருந்தது.

நண்பர்களே, நான் தவறிய இடத்தில் நீங்கள் தவறாதிருக்க இதோ விதிகள்:

அ) உள்ளாடை முதல் கோட்டு வரை எல்லாம் போட்ட பிறகே அளவெடுக்கவும். அந்த அளவோடு மார்புக்கு 6 முதல் 8 அங்குலம் சேர்க்கவும். மேலுடை இறுக்கினால் உள்ளே அடைபட்ட காற்று நசுங்கி, சூடும் போய்விடும்.

ஆ) கையை முன்னே நீட்டச் சொல்லி முதுகு அகலமும், குனிந்து முழங்காலை மடக்கச் சொல்லிக் கால் நீளமும் எடுக்கவும். நிமிர்ந்து நிற்கும் ஆளின் அளவு சறுக்கிப் போகும் ஆளுக்கு உதவாது.

இ) முழுக்கால் சட்டையிலும் தொடை சேரும் இடத்தில் இதே சதுரத் துண்டு தேவை. பூட்ஸைக் கழற்றாமல் மாட்ட, பக்கவாட்டில் நீள ஜிப் வைக்கவும்.

ஈ) தலைமூடி பெரிதாக இருக்கட்டும், உள்ளே கம்பளித் தொப்பி இருக்கும். காதுக்கு மிக அருகே உரசுவது இந்தத் துணிதான். ஆகவே உள்ளதிலேயே மெல்லிய, பழகிய துணியில் வெட்டவும்.

உ) மேலிருந்து பார்க்கும் பறவைக்காக முதுகுப் பைக்கும் ஒரு வெள்ளை உறை தைக்கவும். கையுறைக்கும் வெள்ளை உறை வேண்டும். கறுப்புக் கையுறை அசைந்தால் மற்றதெல்லாம் வெள்ளையாக இருந்து என்ன பிரயோஜனம்?

சட்டைக்கும் கால்சட்டைக்கும் சேர்த்து, 44 அங்குலப் பன்னாவில் சுமார் 6 மீட்டர் துணி வேண்டியிருக்கும்.

6. தையலும் மாட்டுப் பொருள்களும்

14-ம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், அங்குலத்துக்கு 10 தையல். இழுபடும் இடங்களில் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடவும். ஜீன்ஸ் பேண்ட்டில் பார்க்கிறோமே, அதே தையல். ஓரம் வெளியே தெரியாததால் நூல் பிரியாது, பனியும் ஒட்டாது.

ஜிப், பட்டன் விஷயத்தில் எனக்கு அப்பாவின் ஐஸ் கம்பெனி உதவியது. சூப்பர்வைசர் அண்ணனிடம் சொல்லி, துணித் துண்டுகளையும் ஜிப் வகைகளையும் லேசாக நனைத்து ஓர் இரவு முழுக்க ஐஸ் ரூமில் வைத்திருந்தார் அப்பா. அங்கே குளிர் மைனஸ் 5 டிகிரி அளவில்தான். பின்லாந்தின் வடக்கே மைனஸ் 30-க்கும் கீழே போகும் குளிருக்கு அது ஈடாகாது. ஆனாலும் காலையில் பார்த்தபோது தெரிந்த பாடங்கள் இவை:

ரெக்சின் துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. சின்னப் பல் உலோக ஜிப் உறைந்து அசையவில்லை. பெரிய பல் பிளாஸ்டிக் ஜிப் இரண்டு தட்டுத் தட்டியதும் ஓடியது. வெல்க்ரோவின் கொக்கிகளில் ஐஸ் தூள் அடைத்துக்கொண்டு ஒட்டவே இல்லை. ஒட்டுகிற நேரத்திலும் பிரிக்கும்போது அது போடும் சத்தம் வேட்டைக்கு ஆகாது. ஆகவே பெரிய பல் பிளாஸ்டிக் ஜிப், அதன் நுனியில் கையுறையோடு பிடிக்க ஒரு நாடா வளையம். வெல்க்ரோவுக்குப் பதில் பெரிய பட்டனும் துணி வளையமும். இதுதான் சரியான ஏற்பாடு.

வாய், மூக்கை மூடும் துணியில் மூச்சு போக இடைவெளி விடவும். இல்லையென்றால் மூச்சு ஈரம் துணியிலேயே உறைந்துவிடும். பின்லாந்துப் போரில் புகழ்பெற்ற, வேட்டைப் பழக்கமுள்ள விவசாயி சிமோ ஹாய்ஹா (1905-2002), மூச்சு ஆவியாகத் தெரியாமலிருக்க வாயில் பனியை வைத்துக்கொள்வாராம்.

7. திட்டுகள் வேண்டுமா?

திறந்த வெளியில் வெறும் வெள்ளை போதும். மரங்கள் உள்ள இடத்தில் கிளை, நிழல், மரத்தண்டு எல்லாம் இருக்கும். அங்கே வெள்ளை மேல் சாம்பல், கரும்பச்சைத் திட்டுகள் உதவும். ஜெர்மன் ராணுவத்தின் பனி உடையில் வெள்ளை மேல் கரும்பச்சைத் திட்டுகள் இருக்கும். கிளைகளில் பனி தங்காத காலத்தில், கீழே வெள்ளைக் கால்சட்டையும் மேலே காட்டு நிறச் சட்டையும் போடுவது நல்ல வழி.

திட்டின் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டர் தூரத்தில் இது சுமார் 3 சென்டிமீட்டர். ஆகவே விரல் அகலத்தில் புள்ளி புள்ளியாக அச்சடித்தால், தூரத்தில் எல்லாம் கலந்து ஆள் முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிவார். உள்ளங்கை அளவுக்கு மேல், ஒழுங்கில்லாமல், அங்கங்கே சில திட்டுகள் போதும். சாயத்தைக் கெட்டியாக அப்பினால் துணி விறைத்துச் சத்தம் போடும். ஸ்பாஞ்சில் தொட்டு லேசாக ஒற்றவும்.

8. மறைவதற்கு ஓர் எல்லை

உடையைப் போட்டுக்கொண்டு அப்பா ஐஸ் கம்பெனிக்குப் போய் வந்தார். இரவு மூன்று மணிக்கு லாரியில் ஐஸ் ஏற்றும் வேலை. வந்து சொன்னார்: "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா வெள்ளையா நின்னா ரிவர்ஸ் எடுக்க லாரிக்காரனுக்கு ஐஸ் எது, ஆள் எதுன்னு தெரியல. ரெண்டு தடவ கத்தினேன்."

எனக்குத் திக்கென்று இருந்தது. நான் இதுவரை மறைவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நன்றாக மறைந்த ஆள், இன்னொரு வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கும் மறைந்துதானே இருப்பார்? சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் தேடி வருகிறவர் கண்ணுக்கும் தெரிய மாட்டாரே?

திரும்பவும் தேடிப் படித்தேன். இந்த யோசனை அங்குள்ள சட்டத்திலேயே இருக்கிறது. பின்லாந்தில் பலர் சேர்ந்து போகும் மூஸ் மான் வேட்டையில் ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேல்சட்டையும் கட்டாயம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேல் உடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் அனுமதி. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மனிதக் கண்ணுக்கு ஆரஞ்சு கூப்பிட்டுச் சொல்லும். ஆனால் பறவைக்கும் ஆரஞ்சு தெரியும் என்பதால், பறவை வேட்டைக்கு முழு வெள்ளை உடை தேவைப்படுகிறது.

ஆகவே என் உடையில் கடைசியாக ஒரு பாகம் சேர்த்தேன். தலைமூடியின் பின்புறம் உள்ளே ஒரு பை. அதற்குள் முதுகு அகலத்துக்கு ஓர் ஆரஞ்சுத் துணி மடித்து வைத்திருக்கும். நாடாவை இழுத்தால் முதுகு முழுக்க விரிந்து தொங்கும். வேட்டை முடிந்து திரும்பும்போது, ஆபத்து வரும்போது, மற்றவர் இருக்கும் இடத்துக்கு வரும்போது அதை இழுத்துவிட வேண்டும். அணிபவர் வீட்டுக்குத் திரும்பி வந்தால்தானே அது நல்ல உடை?

9. சலவை

ஒளியூட்டி கலந்த சலவைப் பவுடரில் ஒரே ஒரு முறை துவைத்தாலும் நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த துணி கெட்டுவிடும். சாதாரண பார் சோப்பிலும் ஒளியூட்டி இருக்கக்கூடும். ஆகவே துவைத்த துணியை ஊதா விளக்கில் காட்டிப் பார்த்துவிடவும். நீலமும் போட வேண்டாம். வெயிலில் காயவைத்து, வாசனைப் பொருள் எதுவும் இல்லாமல் மடித்து வைக்கவும்.

முடிவாக...

நம் நாட்டில் 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அதை நான் ஆதரித்து எழுதவில்லை. ஆனால் லடாக்கிலும் ஸ்பிதியிலும் பனிச்சிறுத்தையைப் படம் பிடிக்கக் காத்திருப்பவருக்கும், பனி மலையில் எல்லையைக் காக்கும் நம் வீரருக்கும் இதே பாடம்தான் பொருந்தும். நம் ஆவடியிலேயே ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. நாளைக்கு நம்மில் ஒருவர் அங்கே கத்திரியைப் பிடிக்கலாம்.

செமினார் அன்று, கடைத் துணியில் தைத்த என் மாதிரி உடை ஊதா விளக்கில் எரியும் என்ற குறையை நானே சொல்லி, விளக்கைப் போட்டும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அக்குள் சதுரத்தைப் பார்த்துவிட்டு விரிவுரையாளர், "இதை எந்தப் புத்தகத்தில் பார்த்து வைத்தாய்?" என்று கேட்டார். "எங்க அம்மா வச்சது சார்" என்றேன். பெயரை எழுதிக்கொடுக்கச் சொல்லி, செமினார் ரிப்போர்ட்டில் நன்றி பக்கத்தில் சேர்க்கச் சொன்னார். அம்மாவின் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சட்டை இப்போது அப்பாவிடம் இருக்கிறது. ஐஸ் ரூமுக்குப் போகும்போது ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக்கொள்கிறார். ஆரஞ்சுத் துணியை மட்டும் எப்போதும் வெளியே இழுத்தே விட்டிருக்கிறார்.

நண்பர்களே, தெரியாத ஊருக்கு, பார்க்காத ஆளுக்குத் தைக்கச் சொன்னால் பயப்படாதீர்கள். துணியில் கத்திரியை வைக்கும் முன்னால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: யாருக்கு, எங்கே, உள்ளே என்ன, யார் கண்ணுக்கு. பதில் பாதி புத்தகத்தில் இருக்கும். மீதிப் பாதி சில சமயம் நம் வீட்டிலேயே இருக்கும்.